கைராசிக்காரரும் ளமானும்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஜும்ஆவுக்காக நாம் எண்ணூர் சென்றிருந்தோம். தொழுகை முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, நாற்பது வயது மதிக்கத்தக்க சகோதரர் ஒருவர் ஸலாம் சொல்லி நம் கையைப் பற்றினார். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். இங்கே வேணாம், கொஞ்சம் அப்பால வாங்க" என்றார். பள்ளிவாசல் சுவரோரம் நிழலில் நின்று அவர் சொன்னதை அப்படியே வாசகர்கள் முன் வைக்கிறோம். பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறோம்.

அவருடைய தங்கையின் கணவர் கண்டெய்னர் யார்டு ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. ஈ.எஸ்.ஐ. அட்டை கிடையாது. மூன்று நாள் காய்ச்சல். இரவு பதினோரு மணிக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கவே, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் 'டாக்டரை' அழைத்து வந்தார்கள். அவர் டாக்டர் அல்லர். திருவொற்றியூரில் ஒரு டாக்டரிடம் இருபது வருடத்துக்கு மேல் கம்பவுண்டராக இருந்தவர். அந்த டாக்டர் மௌத்தான பிறகு அவரே பையைத் தூக்கிக்கொண்டார். வாசலில் பலகை இல்லை, பட்டம் இல்லை. ஆனால் கைராசிக்காரர் என்று பெயர். அவர் ஊசி போட்டார். சில நிமிடங்களில் நோயாளியின் உடம்பெல்லாம் தடித்தது, மூச்சுத் திணறியது. 108-க்குச் சொல்லி வண்டி வருவதற்குள் ரூஹு பிரிந்துவிட்டது. மறுநாள் ளுஹருக்கு முன் அடக்கமும் முடிந்தது.

ஏழு வயதில் ஒரு பையன், நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. இறந்தவரின் தகப்பனார் முன்பே காலமானவர், தாயார் இருக்கிறார். மனைவி இத்தாவில் இருக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "அவனவன் முடிவு அல்லாஹ் எழுதியது. கம்பவுண்டர் பாய் நல்ல மனுஷன். வேணுமென்றா செய்தார்? மன்னித்து விட்டுவிடுங்கள்" என்றார்கள். கம்பவுண்டர் அழுதுகொண்டே வந்து இருபத்தையாயிரம் ரூபாயை வைத்துவிட்டுப் போனார்.

"ஹஜ்ரத், கேஸ் போட்டா ஸப்ரு போயிடுமா? இந்தக் காசைத் தொடலாமா? இதுதான் என் தங்கச்சி கேக்கச் சொன்னது" என்று முடித்தார் அந்தச் சகோதரர்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. காரணம், அந்தக் கம்பவுண்டரைப் பற்றி அதே பள்ளிவாசலில் வேறு நாலு பேர் நம்மிடம் வேறு விதமாகச் சொன்னார்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்துக் கடலோரம் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்குத் திரவ அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, கண் எரிச்சலும் மூச்சடைப்புமாக மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஸ்டான்லி முதலிய ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள். அன்றிரவு ஈரத்துணியோடு வீடு வீடாகப் போய், கிழவிகளைத் தோளில் சுமந்து ஆட்டோவில் ஏற்றியவர்களில் இந்தக் கம்பவுண்டரும் ஒருவராம். ஏழைகளிடம் அவர் காசு கேட்டதில்லையாம். பகலில் அந்தப் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் பட்டதாரி டாக்டர்கள் இரவு ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்குள் போய்விடுகிறார்கள். ஸ்டான்லிக்கோ பத்துக் கிலோ மீட்டருக்கு மேல். வழியெல்லாம் கண்டெய்னர் லாரிகள் வரிசை பிடித்து நிற்கும். இந்த நிலையில் நடுநிசியில் கதவைத் தட்டினால் எழுந்து வரும் ஒரே மனிதர் மீது வழக்கா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை.

முதலில் தக்தீரைப் பற்றிய பேச்சை எடுத்துக்கொள்வோம். எல்லா மௌத்தும் அல்லாஹ்வின் நாட்டப்படியே என்பதில் முஃமினுக்குச் சந்தேகமில்லை. ஆனால் இதே நம்பிக்கையைப் போதிக்கும் திருமறைதான், நான்காம் அத்தியாயமாகிய சூரத்துந் நிஸாவின் 92-ஆம் வசனத்தில், தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவன் இறந்தவரின் குடும்பத்தாருக்குத் தியத் என்னும் ஈட்டுத் தொகை கொடுக்கவேண்டும் என விதிக்கிறது. 'விதி முடிந்தது' என்பது பொறுப்பை நீக்கும் என்றால் இந்தச் சட்டத்துக்கே இடமில்லாமல் போயிருக்கும். கொலைகாரனும் திருடனும் அதே சாக்கைச் சொல்லலாம். நம்மில் யாரும் அவனிடம் அதை ஏற்றுக்கொள்வதில்லை. தக்தீர் என்பது இழந்தவரின் மனத்துக்கு ஆறுதல். தவறு செய்தவரின் கைக்கு அது கேடயமாகாது. ஸப்ரு என்பதும் இறைவனின் தீர்ப்பைக் குறை கூறாமல் இருப்பதுதான். மனிதன் மேல் உள்ள ஹக்கைக் கேளாமல் இருப்பதல்ல. அந்தச் சகோதரி கூந்தலைப் பிய்த்துக்கொண்டு ஒப்பாரி வைக்கவில்லை, இத்தா இருக்கிறார், தொழுகிறார். அவருடைய ஸப்ருக்கு ஒரு மனுச் சீட்டால் குறைவு வராது.

இரண்டாவது, 'வேணுமென்றா செய்தார்' என்ற கேள்வி. இங்கேதான் நம் மார்க்கத்தின் சட்டம் நாம் எதிர்பார்ப்பதைவிடக் கறாராக இருக்கிறது. வைத்தியத்தில் அறியப்படாதவராக இருந்துகொண்டு வைத்தியம் பார்த்தவர் ளாமின், அதாவது நேர்ந்ததற்குப் பொறுப்பாளி என்னும் கருத்துள்ள நபிமொழி அபூதாவூத், நஸாயீ, இப்னுமாஜா ஆகிய மூன்று நூல்களிலும் வந்திருக்கிறது. அவர் நல்லவரா, காசு வாங்கினாரா, இரக்கத்தால் செய்தாரா என்ற விசாரணையே அதில் இல்லை. தெரியாத காரியத்தில் கை வைத்ததுதான் குற்றம்.

இதோடு சேர்த்து நினைக்கவேண்டிய இன்னொரு சம்பவத்தையும் அபூதாவூத் பதிவு செய்திருக்கிறார். பிரயாணத்தில் ஒரு தோழருக்குக் கல்லடிபட்டுத் தலை உடைந்தது. அவருக்குக் குளிப்பும் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று கூட இருந்தவர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது கூடாது என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அந்தத் தோழர்களே அவரைக் கொன்றுவிட்டதாகக் கடுமையாகக் கண்டித்து, தெரியாதவர்கள் கேட்டிருக்கக் கூடாதா என்று வருந்தினார்கள். சொன்னவர்கள் பகைவர்களா? பேணுதலால் சொன்ன நண்பர்கள்! நல்லெண்ணம் அவர்களுக்கு இருந்தது. அறிவு மட்டும் இல்லை.

சுய புத்தியுள்ள பெரியவன் ஒருவனின் தொழிலைத் தடுத்து நிறுத்துவதை இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் பொதுவாக விரும்புவதில்லை. அப்படிப்பட்ட இமாமே மூன்று பேருக்கு மட்டும் தடை போடலாம் என்றார்கள். ஒருவர் கூச்சமில்லாமல் தவறான பத்வா கொடுக்கும் முஃப்தி. இன்னொருவர் அறிவற்ற வைத்தியர். மற்றவர் கையில் மிருகமில்லாமலே வாடகைக்கு ஒப்பந்தம் பேசிக் காசு வாங்கும் வண்டிக்காரர். முஃப்தியையும் வைத்தியரையும் ஒரே வரிசையில் வைத்திருப்பதை நாம் மறப்பதில்லை. மஸ்அலா சொல்ல உட்காரும் நமக்கும் அது பயமூட்டும் வரிசைதான்.

நம் நாட்டுச் சட்டமும் வேறு வழியாக வந்து ஏறக்குறைய இதே இடத்தில்தான் நிற்கிறது. பம்பாயில் ஹோமியோபதி படித்த ஒருவர், காய்ச்சல் நோயாளிக்கு அலோபதி மருந்துகளைக் கொடுத்தார். 1992-ல் நோயாளி இறந்தார். மனைவி விடாமல் போராடினார். 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு, தான் படித்துப் பதிவு செய்யாத முறையில் வைத்தியம் செய்ததே கவனக்குறைவுதான், அதற்குத் தனியாக நிரூபணம் தேவையில்லை என்ற கருத்தில் தீர்ப்புச் சொல்லி, மூன்று இலட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. அவராவது ஒரு முறையில் பட்டம் பெற்றவர். நம் கம்பவுண்டரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. பதிவில்லாமல் வைத்தியம் செய்தால் ஓராண்டு வரை சிறை, ஐந்து இலட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமுலில் இருக்கும் பாரதிய நியாய சங்ஹிதையின் 106-ஆம் பிரிவு இன்னும் தெளிவானது. கவனக்குறைவால் உயிர் போக்கினால் மற்றவர்களுக்கு ஐந்தாண்டு வரை சிறை. சிகிச்சையின்போது அப்படி நேர்ந்தால் பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் இரண்டாண்டு வரை. அறியப்பட்ட வைத்தியருக்கும் அறியப்படாதவருக்கும் நபிமொழி போட்ட கோடு இங்கேயும் தெரிகிறது.

இதைப் படித்துவிட்டு, எந்த ஆஸ்பத்திரியில் யார் இறந்தாலும் டாக்டர் மேல் பாயலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அறிவுள்ள வைத்தியரின் விஷயம் முற்றிலும் வேறு. ஹிஜ்ரி 751-ல் காலமான இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) தம் 'ஸாதுல் மஆத்' நூலில் வைத்தியர்களை வகை பிரித்துப் பேசுகிறார். தொழில் தெரிந்தவர், நோயாளியின் அனுமதி பெற்றவர், கை வரம்பு மீறாதவர், ஆனாலும் நோயாளி இறந்தார் என்றால் அவர் மேல் ளமான் இல்லை. நோயைத் தீர்ப்பதாக வைத்தியர் வாக்குக் கொடுக்கவில்லை. முறைப்படி முயல்வதாகத்தான் வாக்கு. கை தவறிப் போனால் நஷ்டஈடு உண்டு. ஆனால் அவரைக் குற்றவாளியாகக் கருதுவதில்லை. யோசித்துக் கொடுத்த மருந்தில் கணிப்புத் தவறினால் அதை பைத்துல்மால் ஏற்கவேண்டும் என்றும், அவருடைய குலத்தார் ஏற்கவேண்டும் என்றும் இரண்டு கருத்துகளைக் குறிக்கிறார். சுமையை ஒரே மனிதன் தலையில் போட்டு வைத்தியத் தொழிலையே பயந்து ஓடச் செய்யக்கூடாது என்ற யோசனை அதில் இருக்கிறது.

2005-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்ன ஒரு தீர்ப்பு இதற்கு நல்ல உதாரணம். 1995-ல் லூதியானா ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு நோயாளிக்கு இரவில் மூச்சுத் திணறியது. டாக்டர் வந்து பிராணவாயு முகமூடியைப் பொருத்தினால் சிலிண்டர் காலி! பக்கத்து அறையிலிருந்து இன்னொன்றை மகனே உருட்டி வந்தார். அதைப் பொருத்த ஏற்பாடில்லை. அதற்குள் உயிர் போய்விட்டது. நெஞ்சு கொதிக்கும் விஷயந்தான். ஆனாலும் கோர்ட்டு, இதற்கு ஆஸ்பத்திரி சிவில் முறையில் பதில் சொல்ல நேரலாம். டாக்டரைக் கிரிமினல் குற்றவாளியாக்க அவருடைய சொந்தக் கவனக்குறைவு மிகப் பெரியதாக இருக்கவேண்டும் என்றது. வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்தைப் பெறாமல் வழக்கு நடத்தக்கூடாது, வழக்கமாகக் கைது செய்வதுபோல் டாக்டரைக் கைது செய்யக்கூடாது என்றும் விதித்தது. 2024 நவம்பர் 13-ல் சென்னை கிண்டி அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியின் மகன் டாக்டரைக் கத்தியால் குத்தினானே, அதற்கு மார்க்கத்திலும் இடமில்லை, சட்டத்திலும் இடமில்லை.

டாக்டருக்குப் பாதுகாப்பு உண்டு. அதற்கு ஈடாகக் கடமைகளும் உண்டு. அவற்றில் மூன்றை மட்டும் நம் வாசகர்கள் மனத்தில் வைத்தால் போதும். அடிபட்டு வந்தவரைப் போலீஸ் கேஸ் என்று சொல்லித் திருப்பியனுப்பக் கூடாது. ஸ்கூட்டரில் அடிபட்ட ஒருவரை அப்படி இருபது கிலோ மீட்டருக்கு அப்பால் உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அவர் வழியிலேயே இறந்ததன் பேரில், 1989-ல் சுப்ரீம் கோர்ட்டு, அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் உயிர் காப்பதே முதல் கடமை என்று தீர்ப்பளித்தது. அடுத்து, சிகிச்சைப் பதிவேடுகளை மூன்றாண்டு வைத்திருக்கவேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. மூன்றாவது அனுமதி. 2008-ல் தீர்ப்பான ஒரு வழக்கில், சோதனைக்காக மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்த பெண்ணுக்கு, தாயாரிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். வயது வந்த, புத்தி தெளிந்த பெண்ணுக்காகத் தாயார் சம்மதம் கொடுக்க முடியாது என்றது கோர்ட்டு. நம் வீடுகளில் மனைவிக்காகக் கணவரும் மகளுக்காக அத்தாவும் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே இருந்துவிடுகிறோம். இப்னுல் கையிம் கேட்ட அனுமதி நோயாளியுடையது. சிறுவனுக்கு மட்டுமே வலீயினுடையது.

வைத்தியரைச் சோதித்தறிவது இங்கிலீஷ்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஹிஜ்ரி 319-ல் பக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் ஒருவர் இறந்ததாகக் கேள்விப்பட்ட கலீபா முக்ததிர், ஸினான் இப்னு தாபித் என்னும் தலைமை வைத்தியரிடம் தேர்வு கொடுத்து அனுமதி பெற்றவரைத் தவிர வேறு யாரும் தொழில் செய்யக்கூடாது என்று முஹ்தஸிபுக்கு உத்தரவிட்டார். எண்ணூற்றறுபதுக்கு மேற்பட்டோர் அந்தத் தேர்வுக்கு வந்தார்களாம். பெயர்பெற்ற சிலருக்கும் அரண்மனை வைத்தியர்களுக்கும் மட்டும் விலக்கு. அன்றும் சலுகை சலுகைதான்!

இனி அந்தச் சகோதரியின் கேள்வி. 'மன்னித்துவிடுங்கள்' என்று பெரியவர்கள் சொன்னார்களே, மன்னிக்கும் உரிமை யாருக்கு? தியத்தை விட்டுக்கொடுப்பது தர்மம் என்று திருமறையே புகழ்கிறது. ஆனால் அது வாரிசுகளின் சொத்து. அவரவர் பங்கை அவரவர்தாம் விடலாம். கம்பவுண்டர் தாமே முன்வந்து வைத்த அந்த இருபத்தையாயிரத்தையே பாருங்கள். கடன் எதுவும் இல்லை என்கிறார்கள். அதை 24 பங்காக்கினால் மனைவிக்கு எட்டில் ஒன்றாக 3, தாயாருக்கு ஆறில் ஒன்றாக 4. மீதி 17 பங்கும் அந்தப் பையனுக்கும் பெண்ணுக்கும், இவளுக்கு ஒன்று என்றால் அவனுக்கு இரண்டு என்ற கணக்கில் உரியது. ரூபாயாகச் சொன்னால் பதினேழாயிரத்து எழுநூறு சொச்சம். மனைவி மன்னிக்கலாம், மாமியார் மன்னிக்கலாம்; நல்ல காரியம். ஏழு வயதும் நாலு வயதும் மன்னிக்க முடியாது. அவர்கள் சார்பில் வலீயும் இலவசமாக விட்டுக்கொடுக்க முடியாது, ஜமாஅத்தும் முடியாது. யத்தீமின் பொருள் என்றால் தொடவே நடுங்குகிற நாம், அதை மன்னிப்பு என்ற பெயரில் தாரை வார்க்கும்போது மட்டும் ஏன் நடுங்குவதில்லை?

ஆகவே 'இந்தக் காசைத் தொடலாமா' என்றால், அது ஹலாலே. ஆனால் பெரும்பங்கு பிள்ளைகளுடையது, அவர்களுக்காகவே இருக்கவேண்டும் என்று சொன்னோம். 'கேஸ் போடலாமா' என்றால், பிள்ளைகளின் ஹக்குக்காகப் போடலாம், அதற்கு நாள் கணக்கு உண்டு என்றோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள், தாம் குடியிருக்கும் மாவட்டத்திலுள்ள ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். காசு வாங்கிச் செய்த வைத்தியத்துக்கு இந்த வழி உண்டா என்பதே ஒரு காலத்தில் தகராறாக இருந்தது. நம் சென்னை ஹைகோர்ட்டு 1994-ல் இல்லை என்றது. 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை மாற்றி உண்டு என்றது. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு இந்த வழி இல்லை. அதற்கு சிவில் கோர்ட்டுதான். அந்தப் பாதை எவ்வளவு நீளம் என்பதற்கு ஒன்று சொல்கிறோம். 1963-ல் ஔரங்காபாத் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்டார்கள்; அவர் இறந்தார். அரசு பொறுப்பு என்ற இறுதித் தீர்ப்பு 1996-ல் வந்தது. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி மட்டும், தொழிலாளி சந்தா கட்டுவதால், நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 2007-ல் தீர்ப்பாகியிருக்கிறது. எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிலாளிகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும்.

ஒரு விஷயத்தில் அந்தக் குடும்பத்தார் மேலும் நமக்கு வருத்தமுண்டு. மையித்தை அறுக்கக்கூடாது என்று சொல்லி, போலீசுக்குச் சொல்லாமலே அவசரமாக அடக்கிவிட்டார்கள். மையித்தின் கண்ணியம் பெரிதுதான். ஆனால் மரணத்தின் காரணத்தைக் கண்டறிந்து நீதி வழங்கத் தேவைப்படும்போது பிரேதப் பரிசோதனை கூடும் என்று 1987-ல் மக்காவில் கூடிய ஃபிக்ஹு சபை முடிவு செய்திருக்கிறது. இப்போது அவர்கள் கையில் இருப்பது ஊசி மருந்தின் காலிக் குப்பி ஒன்றும், 108 வண்டி வந்து போன பதிவும், பார்த்த சாட்சிகளுந்தாம்.

பெரியவர்களிடமும் பேசினோம். ஒருவருக்குக் கோபம். "நாளைக்கு ராத்திரி நம்ம பசங்களுக்கு ஜுரம் வந்தா நீங்களா ஹஜ்ரத் வருவீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. ஜமாஅத்தில் கல்யாண மண்டபத்துக்குப் பணம் சேர்கிறது. இரவில் ஒரு பதிவு பெற்ற டாக்டரை உட்கார வைக்க இதுவரை யாரும் வசூல் புத்தகம் அடிக்கவில்லை. பட்டமில்லாதவரைப் பட்டம் கட்டி அழைத்தவர்கள் நாம். ஊசி போடாவிட்டால் அவர் டாக்டரே இல்லை என்று சொல்லி, அவர் கையில் ஊசியைத் திணித்தவர்களும் நாம்தாம். ளமான் பணம் அவர் ஒருவரிடமிருந்து வசூலாகலாம். ஹிஸாப் அவரோடு முடியுமா என்று அந்தப் பெரியவரிடம் திருப்பிக் கேட்டோம். அவர் பதில் சொல்லாமல் அஸருக்கு ஒளூச் செய்யப் போய்விட்டார்.

இத்தா முடிந்த மறுவாரம் அந்தச் சகோதரர் நம்மைத் தேடி வந்தார். தங்கை தன் பங்கை மன்னித்துவிட்டதாகவும், மாமியாரும் அப்படியே சொன்னதாகவும், பிள்ளைகள் பேரில் மனு எழுதிவிட்டதாகவும் சொன்னார். ஜெயிலுக்கு அனுப்பும்படி அதில் கேட்கவில்லையாம். கம்பவுண்டர் பாய் மனுவின் நகலைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எழுதினது எல்லாம் நெஜந்தான்" என்று சொன்னாராம். பையை அவர் மனைவி எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். இன்னும் கதவைத் தட்டுகிறார்கள். அவர் எழுந்து வருகிறார், 108-க்குப் போன் செய்கிறார், வண்டி தாமதமானால் ஆட்டோ பிடித்து ஸ்டான்லி வரை கூடவே போகிறார். அந்த இருபத்தையாயிரத்தில் பதினேழாயிரத்து எழுநூறு சொச்சம் தபால் ஆபீஸில் இரண்டு கணக்காகப் போடப்பட்டிருக்கிறது; மீதியைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டதாகவும், அதை என்ன செய்வது என்றும் இப்போது கேட்கிறார்கள்.